வீங்கிய பட்டன்கள்

பட்டன் மறுபடியும் வீங்கியிருந்தது.

காலை ஒன்பதே காலுக்கே டெஸ்டர் பெண் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். ஆப்பில் இருக்கும் குறைகளைத் தேடிப் பிடிப்பதுதான் அவள் வேலை. பிடித்ததும் அவள் முகத்தில் வரும் சந்தோஷம் வேறு யார் முகத்திலும் வராது. முதல் முறை, "பட்டனின் மூலைகள் சற்றுப் பெரிதாகத் தெரிகின்றன" என்று மரியாதையாக எழுதியிருந்தாள். இரண்டாம் முறை, "பட்டனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்திருக்கிறது" என்று எழுதினாள். மூன்றாம் முறை, "இன்னும் குணமாகவில்லை." இன்று நான்காம் முறை. ஒரு வார்த்தைகூட எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பியிருந்தாள். அந்தப் பேசாத படத்தைப் பார்த்ததும் வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. அந்த அலுவலகத்தில் பதினொரு வருடமாகக் கணினி நிரல் எழுதுகிறவர். எதைக் கேட்டாலும் ஆதியிலிருந்து தொடங்கி விளக்குவார். விளக்கி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்பார். புரிந்தது என்று சொன்னாலும் விடமாட்டார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் அதை ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டு பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார்.

விஷயம் இதுதான். ஒரு பேருந்து நிறுவனத்துக்குப் பயணச்சீட்டு எடுக்கும் ஆப் செய்துகொண்டிருந்தார்கள். நான்கு மொழிகளில் வர வேண்டும். ஒரு மொழியில் "பதிவு செய்" என்பதற்கு நாலே எழுத்து. இன்னொரு மொழியில் அதற்கே ரயில் நீளத்துக்கு ஒரு சொல். சொல்லுக்குத் தகுந்தாற்போல் பட்டன் நீள வேண்டும். ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தால் ஆயுசு போதாது. ஆகவே ஒரே ஒரு சின்னப் படத்தை வரைந்து, வேண்டிய அளவுக்கு இழுத்துக்கொள்வார்கள். ஆனால் படத்தை அப்படியே பிடித்து இழுத்தால் வளைந்த மூலைகளும் சேர்ந்து இழுபட்டு, பட்டனுக்குக் கன்னம் உப்பிவிடும். மூலை நாலும் அசையக் கூடாது, நடுப்பகுதி மட்டும்தான் நீள வேண்டும். எது நடு என்று சொல்வதற்காகப் படத்தின் விளிம்பில் ஒரே ஒரு புள்ளி அகலத்தில் கருப்புக் கோடு போடுவார்கள். தையல்காரர் துணியில் சுண்ணக்கட்டியால் போடுகிற அடையாளம் மாதிரி. சட்டை தைத்து முடித்த பிறகு அது யார் கண்ணிலும் படாது.

அந்தக் கருப்பு, கருப்பாகவே இருக்க வேண்டும். கணினி நிறத்தை மூன்று எண்களாகத்தான் பார்க்கிறது. முழுக் கருப்புக்கு மூன்றும் பூஜ்யம். இரண்டு, இரண்டு, இரண்டு என்று வந்தாலும் மனிதக் கண்ணுக்குக் கன்னங்கரேலென்றுதான் இருக்கும். ஆனால் கோட்டைப் படிக்கிற நிரல், இது கருப்பே இல்லை, ஆகவே கோடும் இல்லை என்று முடிவுகட்டி மொத்தப் படத்தையும் பிடித்து இழுத்துவிடும். அந்த நிரலை எழுதியவரும் வாத்தியார்தான். கிட்டத்தட்ட என்கிற பேச்சே அவருக்கு ஆகாது.

ஆப்புக்குள் இருந்த படத்தைத் திறந்து, பெரிதாக்கி, கருப்புக் கோட்டின் மேல் மவுஸை வைத்துப் பார்த்தார். இரண்டு, இரண்டு, இரண்டு. நான்காவது முறையும் அதே இரண்டு. மேசையை ஒரு தட்டுத் தட்டினார். பக்கத்து மேசைக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார், வாத்தியாரின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

வரைந்தவன் வேறு யாரோ என்றால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. வரைந்தவன் அவருடைய மச்சினன்.

மனைவியின் தம்பி. முப்பத்து மூன்று வயது. நன்றாக வரைவான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வாயைத் திறக்க மாட்டான். முந்தைய வேலையில் மேலதிகாரி ஏதோ சொல்லிவிட, பதில் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அதற்கு முந்தைய இடத்திலும் அதே கதைதான். பிறகு இரண்டு வருடம் வேலை இல்லை. அந்த இரண்டு வருடமும் வாத்தியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் ஒரே பேச்சுத்தான்: உங்கள் ஆபீசில் தம்பிக்கு ஏதாவது பாருங்களேன். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். வாத்தியாரே மேனேஜர் அம்மாவிடம் போய், பையன் தங்கமான கைக்காரன், நான் பொறுப்பு என்று சொல்லி உள்ளே கொண்டுவந்தார். மூன்று மாதம் சோதனைக் காலம், பிறகு நிரந்தரம் என்று ஏற்பாடு. மூன்று மாதம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை.

இந்த வேலையும் போனால் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மாமனார் வீட்டு மாடி அறைக்குப் போய்விட வேண்டியதுதான் என்று அவன் அக்காவிடம் சொல்லியிருந்தான். அக்கா அதை வாத்தியாரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டாள், ஒரு தடவை அழுதுகொண்டே. இங்கே அலுவலகத்தில், உங்க ஆள் என்ன சார் இப்படி என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். சிபாரிசு செய்து வேலை வாங்கிக் கொடுத்தவனுக்கு அந்த இடியை வாங்கிப் பார்த்தால் தெரியும்.

மூன்று வாரமாக இதே பாடுதான். வாத்தியார் மச்சினனின் மேசைக்குப் போவார். கருப்பு சரியில்லை, ரெண்டு வருகிறது, மறுபடி வரை என்பார். "முழுக் கருப்புதான் போட்டிருக்கேன், அத்தான்" என்பான் அவன். பின் எப்படி இரண்டு வருகிறது என்று கேட்டால் தெரியவில்லை என்பான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று சொல்லிவிட்டு இவர் திரும்பி வந்துவிடுவார். அவன் பதினாறு பட்டன்களையும், ஒவ்வொன்றின் நாலு பக்கத்துக் கோடுகளையும், முதல் புள்ளியிலிருந்து மறுபடி வரைந்து அனுப்புவான். மறுநாள் காலை டெஸ்டர் பெண்ணின் படம் வந்துவிடும்.

இதில் சந்தேகத்துக்கே இடம் இல்லை என்பதுதான் வாத்தியாரின் எண்ணம். பழைய பட்டன்கள் அத்தனையும் சமர்த்தாக நீள்கின்றன. இவன் வரைந்த புதுப் பட்டன்கள் மட்டும் வீங்குகின்றன. நிரல் ஒன்றுதான், வரைந்த கைதான் வேறு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பத்து மணிக்கு மேனேஜர் அம்மா கூப்பிட்டார். அவர் எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர். உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பது அவர் கட்சி. பேருந்து நிறுவனத்திலிருந்து நேற்றும் கூப்பிட்டுக் கேட்டார்களாம், பட்டன் விஷயம் என்ன ஆயிற்று என்று. ஒரு பட்டனுக்கு மூன்று வாரமா என்று அவர்கள் கேட்டதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்றார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தப்பு படத்துலயா, நிரல்லயா?"

"படத்துலதான், மேடம்."

"நிச்சயமா?"

"நிரல் மூணு வருஷமா ஓடுது. யாரும் அதைத் தொடல."

மேனேஜர் அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு மணிக்கு அந்தப் பையனின் விஷயத்தில் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது என்றும், உங்கள் சொந்தம் என்பதால்தான் இரண்டு தடவை கேட்கிறேன் என்றும் சொன்னார். வேலை என்று வந்துவிட்டால் சொந்தம் பந்தம் பார்க்க மாட்டேன் என்றார் வாத்தியார். அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அடுத்தவன் பிழைப்பை எடுத்துத் தன் நேர்மைக்கு மாலை போட்டுக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

வெளியே வந்ததும் அந்தச் சுகம் வடிந்துவிட்டது. மனைவியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கோபம் முழுவதும் மறுபடி மச்சினன் மேல் திரும்பியது. ஒரு கருப்பு. ஒரே ஒரு கருப்பை ஒழுங்காகப் போடத் தெரியாதா ஒருவனுக்கு? கைக்குழந்தைக்காரனுக்கு இவ்வளவு அலட்சியமா? நேராக அவன் மேசைக்குப் போனார்.

"எந்திரி."

மச்சினன் எழுந்தான். வாத்தியார் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, வரைகிற பேனாவைக் கையில் எடுத்தார். கடைசித் தடவையாகச் சொல்லிக் கொடுக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள் என்றார். வெற்றுப் படம் ஒன்றைத் திறந்தார். மூலை வளைந்த ஒரு பட்டனைச் சுமாராக வரைந்தார். நிறப் பெட்டியைத் திறந்து மூன்று கட்டங்களிலும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். நாலு பக்கமும் கோடு போட்டார். கோட்டின் மேல் மவுஸை வைத்துக் காட்டினார். மூன்றும் பூஜ்யம்.

"பாத்தியா? இவ்வளவுதான். இதுல என்ன கஷ்டம்?"

"நானும் இப்படித்தான் பண்ணினேன், அத்தான்."

வாத்தியார் படத்தை அதற்குரிய ஃபோல்டரில் போட்டு, ஆப்பை ஓடவிட்டு, மொழியை அந்த ரயில் நீள மொழிக்கு மாற்றினார். கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். திரையில் பட்டன் வந்தது.

வீங்கியிருந்தது.

பழசு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று முணுமுணுத்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் கன்னம் உப்பிய அதே பட்டன். இது அவர் கையால் போட்ட கோடு. ஆப்புக்குள் போன படத்தைத் திறந்து மவுஸை வைத்தார். இரண்டு, இரண்டு, இரண்டு. ஃபோல்டரில் தான் போட்ட படத்தைத் திறந்தார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். மூன்று வாரத்தில் ஃபோல்டரில் இருக்கும் மூலப் படம் ஒன்றை அவர் திறந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஃபோல்டருக்கும் ஆப்புக்கும் நடுவில் ஒரே ஒரு வாசல்தான் உண்டு. படங்களின் எடையைக் குறைக்கிற ஒரு சின்ன நிரல். சுருக்கி என்று அதற்கு அவரே பெயர் வைத்திருந்தார். எழுதியதும் அவர்தான். புதிதாக வரும் எந்தப் படமும் அதற்குள் நுழைந்து, கொஞ்சம் மெலிந்து, பிறகுதான் ஆப்புக்குப் போகும். எவ்வளவு மெலிய வேண்டும் என்பதற்கு அதில் ஒரு எண் உண்டு, எண் குறையக் குறையப் படமும் மெலியும். எண்பது இருக்க வேண்டும். திறந்து பார்த்தார். ஐம்பத்தைந்து இருந்தது.

"யாரு இதைத் தொட்டது?" என்று கேட்டுவிட்டார், கொஞ்சம் சத்தமாகவே.

யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதற்கெல்லாம் அங்கே பதிவு உண்டு. தேடினார். மூன்று வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமை, மாலை ஐந்து நாற்பது. எண்பது ஐம்பத்தைந்தாக மாற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் மாற்றியவர் பெயர் இருந்தது. அது அவருடைய பெயர்.

எல்லாம் ஞாபகம் வந்தது. ஆப் இறங்குவதற்கு ரொம்ப நேரம் பிடிக்கிறது என்று பேருந்து நிறுவனம் புகார் சொன்ன வாரம் அது. இவர்தான் இந்த எண்ணைக் குறைத்து, ஒரே நாளில் ஆப்பைப் பாதியாக்கிக் காட்டினார். கூட்டத்தில் கை தட்டினார்கள். நிறம் மயிரிழை அளவு மாறும், ஆனால் மனிதக் கண்ணுக்குத் தெரியாது என்று எல்லாருக்கும் விளக்கினார். புரிந்ததா என்றும் கேட்டார். அன்று பெரிய படங்களை மட்டும்தான் மறுபடி சுருக்கிக்குள் விட்டார், பழைய பட்டன்கள் சின்னவைதானே என்று அவற்றைத் தொடவில்லை. அதற்குப் பிறகு புதிதாக வந்தவை மச்சினனின் பட்டன்கள் மட்டும்தான். அவன் பூஜ்யமாகக் கொடுத்த கருப்பை இவருடைய சுருக்கி இரண்டாக்கியது. இரண்டைக் கருப்பில்லை என்று இவருடைய இன்னொரு நிரல் தள்ளிவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டவன் அவன்.

மச்சினன் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். திரையில் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அவன் படித்துவிட்டான் என்பது வாத்தியாருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. மணி பதினொன்று.

"இதோ, சரி பண்ணிடறேன்" என்றார்.

"சரி, அத்தான்" என்றான் அவன்.

சரிசெய்வதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பட்டன் படங்கள் சுருக்கிக்குள் போகாமல் நேராக ஆப்புக்குப் போகும்படி இரண்டு வரி எழுதினார். மச்சினன் நான்காவது தடவை வரைந்து கொடுத்த படங்களை, ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல், அப்படியே உள்ளே விட்டார். நாலு மொழியிலும் ஓட்டிப் பார்த்தார். பதினாறு பட்டன்களும் அழகாக நீண்டன. மூலைகள் அசையவே இல்லை. அந்த ரயில் நீளச் சொல்லுக்குக்கூட இரண்டு பக்கமும் அளவாக இடம் விட்டுக்கொண்டு பட்டன் அமர்க்களமாக உட்கார்ந்திருந்தது. எவ்வளவு நேர்த்தியாக வரைந்திருக்கிறான் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

டெஸ்டர் பெண் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். குணமாகிவிட்டது என்று நாலு மேசைக்குக் கேட்கும்படி சொன்னாள். வாத்தியார்னா வாத்தியார்தான் என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் மேனேஜர் அம்மாவே வந்துவிட்டார். என்ன பிரச்சினை என்று கேட்டார்.

"படம் ஆப்புக்குள்ள போற வழியில ஒரு எண் சரியில்லாம இருந்தது. சரி பண்ணிட்டேன்."

"நல்லவேளை, நீங்க இருந்தீங்க" என்றார் மேனேஜர் அம்மா.

அந்த இடத்தில் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது, அவன் வரைந்தது முதல் நாளிலிருந்தே சரி. அவ்வளவுதான். வாத்தியார் வாயைத் திறக்கவும் செய்தார். அதற்குள் மேனேஜர் அம்மாவின் போன் அடித்தது, அவர் பேசிக்கொண்டே போய்விட்டார். விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது, எண் சரியில்லை என்றால் படம் சரி என்றுதானே அர்த்தம் என்று வாத்தியார் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஊருக்கெல்லாம் ஒன்றுக்கு நாலு தடவை விளக்குகிற மனிதர், இந்த ஒன்றை மட்டும் அவர்களாகவே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகப் போய்ச் சொல்லலாம் என்று இருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்தபோது மேனேஜர் அம்மாவின் அறையில் யாரோ விருந்தாளி. இரண்டு மணிக்கு விருந்தாளி போனார். ஆனால் அப்போது இவர் மற்ற போன்களில் பட்டன் எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆளாளிடம் போனைக் கடன் வாங்கி, சின்னத் திரை, பெரிய திரை, நிறுத்தி, படுக்கவைத்து என்று ஏழு போன்களில் பார்த்தார். எல்லாவற்றிலும் பட்டன் சரியாகத்தான் இருந்தது. முதல் போனிலேயே அது அவருக்குத் தெரியும். மூன்றரைக்கு எழுந்து அறை வரைக்கும் போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். மூன்று வாரம் ஒருவனை எல்லார் முன்னாலும் வாட்டிவிட்டு, காலையில் யாரும் தொடவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு, தொட்டது நானே என்று போய் நிற்க அவருக்குக் கால் வரவில்லை.

அந்த நேரமெல்லாம் மச்சினன் தன் மேசையில் அடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை தலையைத் தூக்கி இவர் பக்கம் பார்த்தான். இரண்டு தடவையும் வாத்தியார் போனைப் பார்த்தார்.

நாலு மணிக்கு அவனைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை, உள்ளே நடப்பது தெரியும், கேட்காது. மேனேஜர் அம்மா இன்றைக்கு உட்கார்ந்து பேசினார். அதைப் பார்த்ததுமே இது நல்லதற்கில்லை என்று வாத்தியாருக்குப் பட்டது. அவனே சொல்லிவிடுவான் என்று ஒரு நப்பாசை. வாயைத் திறக்காதவன் என்று மூன்று மாதமாக எல்லாரிடமும் தானே சொல்லி வந்தது அப்போது அவருக்கு நினைவில்லை. ஏழு நிமிடம் கழித்து மச்சினன் கையில் ஒரு கவரோடு வெளியே வந்தான்.

வாத்தியார் போனபோது அவன் பையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். வரைகிற பேனா, தண்ணீர்ப் பாட்டில், திரைக்குக் கீழே ஒட்டியிருந்த குழந்தையின் படம்.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"நல்லாத்தான் வரையறேன், ஆனா கவனம் பத்தலைன்னாங்க."

"நீ சொல்லலையா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் வாத்தியாரும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார். கோபம் இல்லை. குழந்தையின் படத்திலிருந்து பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினான்.

"நாலு தடவை வரைஞ்சு குடுத்தேன், அத்தான். நான் குடுத்த படத்தை ஒரு தடவையாவது திறந்து பாத்திருக்கலாம்."

அவன் பையை மூடித் தோளில் போட்டுக்கொண்டான். போவதற்கு முன்னால் நின்று, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"அக்காகிட்ட, நான்தான் வேலையைச் சரியா செய்யலைன்னு சொல்லிக்கறேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால பிரச்சினை வேணாம்."

அவன் போன பிறகுதான் வாத்தியாருக்குக் கால் வந்தது. கண்ணாடி அறைக்கு ஓடினார். மேனேஜர் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும், அவசரமா என்று புருவத்தால் கேட்டார். வாத்தியார் ஒரு கணம் நின்றார். மேனேஜர் அம்மா, திங்கட்கிழமை என்று உதட்டசைவில் சொல்லிவிட்டுச் சிரித்தார். வாத்தியார் தலையாட்டினார். தலையாட்டியபோது அவருக்கு நிம்மதியாக இருந்தது. படியிறங்கும்போது அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே குமட்டியது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். முதலில் கோட்டைப் பற்றிச் சொல்லலாம், பிறகு சுருக்கியைப் பற்றி, எண்பது எப்படி ஐம்பத்தைந்தானது, ஆப்பின் எடையைக் குறைத்தே ஆக வேண்டிய நிலைமை, பேருந்து நிறுவனத்தின் நெருக்கடி. எங்கே தொடங்கினாலும் விளக்கம் நன்றாகத்தான் வந்தது. முடிகிற இடம்தான் வரவில்லை.

மனைவி கதவைத் திறந்தபோதே விஷயம் தெரிந்த முகமாக இருந்தாள். தம்பி போனில் சொல்லிவிட்டான். அவர் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. அவள் அவர் பையை வாங்கி வைத்தாள். உட்காரச் சொன்னாள். தட்டு வைத்துச் சூடாகப் பரிமாறினாள். அவருக்குப் பிடித்ததாகப் பார்த்துச் செய்திருந்தாள். எதிரே உட்கார்ந்து, மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க வாக்கை நம்பித்தானே அவனை எடுத்தாங்க" என்றாள். "அவனால ஆபீஸ்ல உங்களுக்குத்தான் தலைகுனிவு. நான்தான் ரெண்டு வருஷமா உங்களை நச்சரிச்சேன். மனசுல வெச்சுக்காதீங்க. அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

மச்சினன் ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டுப் போன வழி எதிரே அகலமாகத் திறந்து கிடந்தது. பரவாயில்லை விடு என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் நிம்மதி, ஆபீசில் பெயர், இரண்டும் பத்திரமாக இருக்கும். தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"அவன் மேல தப்பில்ல" என்றார். "அவன் வரைஞ்சது எல்லாமே சரி. நான்தான் ஒரு எண்ணை மாத்தி வெச்சுட்டு மறந்துட்டேன். அதனாலதான் அத்தனையும் கெட்டுது."

ஒத்திகை பார்த்த விளக்கம் எதுவும் அதற்குப் பிறகு வரவில்லை. மனைவியின் விரல் விரிப்பின் மேல் நின்றுவிட்டது. அவள் கத்துவாள் என்று நினைத்தார். அவள் கத்தவில்லை. புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறவள் போல அவரையே பார்த்தாள்.

"அது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"காலைல. பதினோரு மணிக்கு."

"அவனுக்கு லெட்டர் குடுத்தது?"

"நாலு மணிக்கு."

அடுப்படியில் ஏதோ கொதித்துப் பொங்குகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து போகவில்லை.

"அஞ்சு மணி நேரம்" என்றாள். "அஞ்சு மணி நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

வாத்தியாருக்குப் பொய் சொல்ல எதுவும் மிச்சம் இல்லை.

"பட்டனெல்லாம் சரியா நீளுதான்னு பாத்துட்டிருந்தேன்" என்றார்.